கேளாமல் கிடைக்காத வரிசை

பாடசாலையில் இருந்து வீட்டுக்கு வரும் எந்தப் பட்டியலையும் பெற்றார் மேலிருந்து கீழாகவே வாசிப்பர். தரவரிசை, புலமைப்பரிசில் பட்டியல், நேர்முகப் பரீட்சைக்கு அழைக்கப்பட்டோர் விபரம் என்று எதுவாயினும் சரி, மேலே நிற்கும் பெயர் முந்தியது, கீழே நிற்கும் பெயர் பிந்தியது என்பதே நமது பழக்கம். அந்தப் பட்டியலைத் தந்த கணினி அவ்வாறு நினைப்பதில்லை. வரிசை வேண்டுமென்று வெளிப்படையாகக் கேட்டாலொழிய, மேல் கீழ் என்ற பேதம் அதற்குக் கிடையாது. இந்த இடைவெளியிலே எத்தனையோ குழப்பங்கள் பிறக்கின்றன.

நான் இக்கல்லூரியின் பழைய மாணவி. தரவுத்தளங்களோடு பழகுவதே இன்று என் தொழில். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் பயிலும் தங்கைகளுக்குப் பயன்படும் விதமாகவும், அப்பாடத்தைப் படிக்காத பெற்றாரும் விளங்கிக்கொள்ளும் விதமாகவும், தரவுத்தளக் காட்சிகளில் வரிசை எவ்வாறு நடந்துகொள்கின்றது என்பதை இக்கட்டுரையில் விளக்க முயல்கின்றேன்.

காட்சி என்றால் என்ன?

தரவுத்தளத்தில் தகவல்கள் அட்டவணைகளில் இருக்கும். வகுப்பு இடாப்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாணவிக்கும் ஒரு நிரை. சேர்விலக்கம், பெயர், வகுப்பு, புள்ளி என்பன நிரல்கள். நமக்கு வேண்டியதைக் கேட்பதற்கு எஸ்.கியு.எல். என்னும் மொழியில் ஒரு வினவல் எழுதுகின்றோம்.

ஒரே வினவலைத் தினமும் எழுதுவது அலுப்பான வேலை. ஆகவே அதற்கு ஒரு பெயர் சூட்டிச் சேமித்து வைக்கலாம். இதனை 'வியூ' என்பர். நான் இங்கு 'காட்சி' என்கின்றேன். 'தரம் 11 பெறுபேறு' என்று ஒரு காட்சியை ஆக்கிவிட்டால், பின்னர் அதனை ஓர் அட்டவணையைப் போலவே பயன்படுத்தலாம்.

'போலவே' என்ற சொல்லில்தான் விடயம் இருக்கின்றது. சாதாரணக் காட்சியில் தரவு எதுவும் சேமிக்கப்படுவதில்லை. சேமிக்கப்படுவது கேள்வி மட்டுமே. நாம் காட்சியை அழைக்கும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கேள்வி புதிதாகக் கேட்கப்பட்டு, விடை புதிதாகத் தயாராகின்றது. சட்டகம் போட்டுச் சுவரில் மாட்டிய புகைப்படம் அன்று, ஜன்னல். வெளியே இருப்பது மாறினால் ஜன்னலில் தெரிவதும் மாறும்.

தொடைக்கு வரிசை இல்லை

கணித பாடத்தில் தொடைகள் பற்றிப் படித்திருப்பீர்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்பவற்றைக் கொண்ட தொடையும் மூன்று, ஒன்று, இரண்டு என்பவற்றைக் கொண்ட தொடையும் சமமானவை. மூலகங்கள் எவை என்பதே முக்கியம்; எந்த ஒழுங்கில் எழுதினோம் என்பது முக்கியமன்று. தொடர்புசார் தரவுத்தளம் இந்தச் சிந்தனையின் மீதே எழுப்பப்பட்டது.

இதனை முன்வைத்தவர் எட்கர் கொட் என்பவர். இங்கிலாந்தில் பிறந்து, அமெரிக்காவின் கலிபோர்னியாவிலே சான் ஹொசே நகரில் இருந்த ஐ.பி.எம். ஆய்வுகூடத்தில் பணியாற்றியவர். 1970 இல் அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையே இன்றைய தரவுத்தளங்களின் அத்திவாரம். 1981 இல் கணினி விஞ்ஞானத்தின் உயரிய விருதான டியூரிங் விருது அவருக்குக் கிடைத்தது.

அந்தக் கட்டுரையின் தொடக்கத்திலேயே கொட் மூன்று வகையான தங்கியிருத்தல்களைக் குறைகளாகச் சுட்டுகின்றார். அவற்றுள் முதலாவது வரிசையில் தங்கியிருத்தல். அக்கால முறைமைகளில் தரவு எந்த ஒழுங்கில் சேமிக்கப்பட்டதோ அதே ஒழுங்கில்தான் வெளிவரும் என்று நம்பிச் செய்நிரல்கள் எழுதப்பட்டன. சேமிப்பு முறையை மாற்றினால் அச்செய்நிரல்கள் பிழைத்துப்போயின. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள முடிச்சை அவிழ்ப்பதே கொட்டின் நோக்கங்களில் ஒன்று. ஆகவே, வினவலுக்கு வரிசையின்றி விடை வருவது தரவுத்தளத்தின் குறைபாடு அன்று. அது திட்டமிட்டுப் பெறப்பட்ட சுதந்திரம்.

1974 இல் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த டொனால்ட் சாம்பர்லினும் றேமண்ட் பொய்ஸும் அறிமுகப்படுத்திய சீக்குவெல் மொழியே பின்னர் எஸ்.கியு.எல். ஆயிற்று. 1986 இல் அமெரிக்க நியமமாகவும் 1987 இல் சர்வதேச நியமமாகவும் அது ஏற்றுக்கொள்ளப்பட்டது. வரிசை வேண்டுவோருக்கென்று இம்மொழியில் ஒரு வாசகம் உண்டு. அதுவே 'ஓடர் பை'. அதனை எழுதினால் வரிசை உறுதி. எழுதாவிட்டால் எந்த உறுதியும் இல்லை.

காட்சிக்குள் இட்ட வரிசை

இனி மையமான சிக்கலுக்கு வருவோம். புதிதாகப் பழகுவோர் பலர் இவ்வாறு எண்ணுகின்றனர்: "காட்சியை ஆக்கும்போதே உள்ளே ஓடர் பை இட்டுவிட்டால், அந்தக் காட்சியிலிருந்து எப்போது கேட்டாலும் வரிசையாகத்தானே வரும்?"

வருவதற்கு உத்தரவாதம் இல்லை. காரணம் எளிது. நாம் காட்சியை அழைக்கும்போது உண்மையில் இரண்டு வினவல்கள் இருக்கின்றன. ஒன்று காட்சிக்குள் உறங்கும் உள் வினவல். மற்றையது நாம் இப்போது எழுதும் வெளி வினவல். தரவுத்தளம் இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்து, மிக விரைவாக விடை காணும் வழியைத் தானே தெரிவு செய்யும். வெளி வினவலில் வரிசை கேட்கப்படவில்லையாயின், எந்த வழியில் போனாலும் தன் கடமை முடிந்தது என்றே அது கருதும். காட்சியை இன்னொரு அட்டவணையோடு இணைத்தால், உள்ளே அடுக்கிய வரிசை அந்த இணைப்பிலேயே கலைந்துபோகக் கூடும்.

எஸ்.கியு.எல். மொழியின் ஆரம்ப நியமங்களில் காட்சியின் வரைவிலக்கணத்துக்குள் ஓடர் பை இடுவதற்கு இடமே இருக்கவில்லை. இன்றைய முறைமைகள் இவ்விடயத்தில் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன.

மைக்ரோசொஃப்டின் எஸ்.கியு.எல். சேர்வர், காட்சிக்குள் வெறும் ஓடர் பை இட்டால் அதனை ஏற்க மறுத்துப் பிழைச் செய்தி தரும். 'முதல் இத்தனை நிரைகள்' என்று மட்டுப்படுத்தும் 'டொப்' போன்ற வாசகத்தோடு சேர்த்தால் மாத்திரம் அனுமதிக்கும். அப்போதும் எந்த நிரைகளைத் தெரிவது என்பதற்கே அந்த வரிசை பயன்படும். விடையை அடுக்குவதற்கு அன்று. இதனைச் சுற்றி வளைக்கச் சிலர் 'டொப் 100 சதவீதம்' என்று எழுதினர். எல்லா நிரைகளையும் எடு, ஆனால் வரிசையாக எடு என்பது அவர்களது எண்ணம். 2000 ஆம் ஆண்டுப் பதிப்பில் இந்தத் தந்திரம் பலித்ததாகத் தோன்றிற்று. 2005 ஆம் ஆண்டுப் பதிப்பில், நூறு சதவீதம் என்றால் எல்லாமும்தானே, தெரிவதற்கு என்ன இருக்கின்றது என்று தரவுத்தளம் அந்த ஓடர் பையையே கைவிட்டது. தந்திரத்தை நம்பிய செய்நிரல்களில் வரிசை காணாமற் போயிற்று.

மைஎஸ்.கியு.எல். காட்சிக்குள் ஓடர் பை இட அனுமதிக்கும். ஆனால் வெளி வினவலில் வேறொரு ஓடர் பை இருந்தால் உள்ளே உள்ளதைப் புறக்கணிக்கும். போஸ்ட்கிரெஸ் எஸ்.கியு.எல். முறைமையும் அனுமதிக்கும். காட்சியை நேராக அழைக்கும்போது பெரும்பாலும் வரிசையாகவே விடை வரும். இந்தப் 'பெரும்பாலும்' என்பதுதான் ஆபத்தானது. பரிசோதிக்கும் நாளில் சரியாக வரும். நாளை இன்னொருவர் அதே காட்சியை வேறோர் அட்டவணையோடு இணைத்தால், அந்தச் சரி எங்கே போயிற்று என்று தேட வேண்டிவரும்.

நேற்று வந்தது இன்று ஏன் வரவில்லை?

ஓடர் பை இல்லாமலேயே சேர்விலக்க ஒழுங்கில் விடை வருகின்றதே என்று சிலர் கேட்பதுண்டு. சிறிய அட்டவணையில், தரவை உட்புகுத்திய ஒழுங்கிலேயே விடை வருவது சாதாரணம். அது தற்செயல். அந்தத் தற்செயலைக் கலைக்கப் பல காரணங்கள் உண்டு.

போஸ்ட்கிரெஸ் எஸ்.கியு.எல். முறைமையில் ஒரு நிரையைத் திருத்தினால் பழையது அழிக்கப்பட்டு அதே இடத்தில் புதியது எழுதப்படுவதில்லை. நிரையின் புதிய பிரதி வேறோர் இடத்தில் எழுதப்படும். ஆசிரியை ஒரு மாணவியின் புள்ளியை 67 இலிருந்து 76 ஆகத் திருத்தினார் என்போம். அடுத்த முறை கேட்கும்போது அவளது நிரை பட்டியலின் கடைசியில் வந்து நிற்கலாம். அதே முறைமையில், ஒரு பெரிய அட்டவணையை ஒருவர் ஏற்கனவே வாசித்துக்கொண்டிருந்தால், இரண்டாவதாக வருபவரின் வினவல் நடுவிலிருந்து வாசிக்கத் தொடங்கி, முடிவுக்குச் சென்று, பின் முதலுக்குத் திரும்பக் கூடும். இருவரும் ஒரே வட்டுச் சுழற்சியில் பயன் பெறுவதற்கான சிக்கன ஏற்பாடு அது.

புதிய பதிப்புக்கு மாறும்போதும் இது நிகழ்வதுண்டு. மைஎஸ்.கியு.எல். 5.7 வரையான பதிப்புகளில், 'குரூப் பை' கொண்டு தொகுத்தால் விடை தானாகவே வரிசையாக வரும் வழக்கம் இருந்தது. 8.0 பதிப்பில் அது நீக்கப்பட்டது. கேட்காமல் கிடைத்ததைக் கேட்டுப் பெற்றதாக எண்ணியிருந்தோர் அன்று தடுமாறினர்.

பெயர் விடுபட்ட பட்டியல்

இவை வெறும் தொழினுட்ப நுணுக்கங்கள் அல்ல. நான் முன்னர் கடமையாற்றிய ஓரிடத்தில், உதவித்தொகைக்கு விண்ணப்பித்தோரின் பட்டியல் திரையில் பக்கம் பக்கமாகக் காட்டப்பட்டது. பக்கத்துக்கு ஐம்பது பெயர்கள். புள்ளி அடிப்படையில் ஓடர் பை இடப்பட்டுத்தான் இருந்தது. ஆயினும் ஒரு மாணவியின் பெயர் முதற் பக்கத்தின் அடியிலும் இரண்டாம் பக்கத்தின் தலையிலும் இருந்தது. இன்னொரு மாணவியின் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை. அவளது தந்தை நேரில் வந்து, விண்ணப்பம் கிடைத்ததற்கான பற்றுச்சீட்டைக் காட்டிய பிறகே விடயம் ஆராயப்பட்டது.

நடந்தது இதுதான். இருவரும் ஒரே புள்ளியைப் பெற்றிருந்தனர். புள்ளிப்படி அடுக்கு என்றால், சம புள்ளி பெற்ற இருவரில் யார் முதலில் என்பது தரவுத்தளத்தின் விருப்பத்துக்கு விடப்படுகின்றது. ஒவ்வொரு பக்கமும் தனித்தனி வினவலாகச் செல்வதால், முதற் பக்கத்துக்கு ஒரு விருப்பம், இரண்டாம் பக்கத்துக்கு இன்னொரு விருப்பம். தரவுத்தளம் இரண்டு தடவையும் கேட்டதைச் சரியாகவே செய்தது. கேட்ட கேள்விதான் முழுமையாக இருக்கவில்லை.

சம புள்ளிகள் அரிது என்று எண்ண வேண்டாம். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் மொத்தப் புள்ளி 200. முழு எண்களில் புள்ளி வழங்கினால், பூச்சியம் முதல் 200 வரை 201 பெறுமானங்களே சாத்தியம். இலட்சக்கணக்கான பிள்ளைகள் தோற்றும்போது, ஒரே புள்ளியில் பல நூறு பேர் நிற்பது தவிர்க்க முடியாதது. உயர்தரத்தின் இசட் புள்ளியை நான்கு தசம தானங்கள் வரை தருவதால் எத்தனையோ சமங்கள் பிரிகின்றன. இருந்தும், சமம் நிகழாது என்ற துணிவில் எந்தச் செய்நிரலையும் எழுத முடியாது.

உறுதியான வரிசைக்கான வழிகள்

முதலாவது விதி: வரிசையை இறுதி வினவலில் கேளுங்கள். காட்சிக்குள் என்ன இருந்தாலும், பயனருக்கு விடையைக் கையளிக்கும் வெளி வினவலின் கடைசியில் ஓடர் பை இருக்க வேண்டும்.

இரண்டாவது விதி: சமத்தை உடைக்கும் நிரலைச் சேருங்கள். 'ஓடர் பை புள்ளி டெஸ்க், சேர்விலக்கம்' என்று எழுதினால், புள்ளி இறங்குவரிசையிலும் புள்ளி சமமாயின் சேர்விலக்க ஏறுவரிசையிலும் விடை வரும். சேர்விலக்கம் முதன்மைச் சாவி. இருவருக்கு ஒன்றாக இருக்காது. ஆகவே தரவு மாறாதவரை எந்த நாளில் கேட்டாலும் இந்த ஒழுங்கு மாறாது. மேலே கூறிய பட்டியலில் விடுபட்டிருந்தது இந்த ஒரு சொல்தான்.

மூன்றாவது விதி: வரிசைக்குப் பொருள் உண்டாயின் அதனை நிரலாகவே காட்சியில் வையுங்கள். நேரசூசியை எடுத்துக்கொள்வோம். கிழமைகளை அகரவரிசையில் அடுக்கினால் சனி, செவ்வாய், ஞாயிறு, திங்கள் என்று வரும். எனவே கிழமைக்கு ஓர் எண் நிரலைக் காட்சியில் சேர்த்து, வெளி வினவலில் அதன்படி அடுக்க வேண்டும். தரவரிசைக்கும் இதுவே வழி. 'ரேங்க்' என்னும் சார்பு, இருவர் இரண்டாமிடத்தைப் பகிர்ந்தால் 1, 2, 2, 4 என எண்ணிடும். 'டென்ஸ் ரேங்க்' 1, 2, 2, 3 என எண்ணிடும். 'ரோ நம்பர்' சமத்தைப் பாராமல் 1, 2, 3, 4 என எண்ணிடும். தரவரிசை ஒரு நிரலாக இருந்தால், பட்டியல் எப்படிக் கலைந்தாலும் அவளது இரண்டாமிடம் அவளோடு கூடவே போகும்.

நான்காவது விதி: வெற்றுப் பெறுமானத்தை மறவாதீர்கள். பரீட்சைக்குச் சமுகமளிக்காதவரின் புள்ளி பூச்சியம் அன்று, அது வெற்று. ஏறுவரிசையில் அடுக்கும்போது போஸ்ட்கிரெஸ் எஸ்.கியு.எல்., ஒரக்கிள் ஆகியன வெற்றை இறுதியில் வைக்கும். மைஎஸ்.கியு.எல்., எஸ்.கியு.எல். சேர்வர் ஆகியன முதலில் வைக்கும். இறங்குவரிசையில் இது தலைகீழாகும். ஆகவே போஸ்ட்கிரெஸ் எஸ்.கியு.எல். முறைமையில் புள்ளியை இறங்குவரிசையில் கேட்டால், பரீட்சைக்கே வராதவர் முதலாமிடத்தில் தோன்றுவார். 'நல்ஸ் லாஸ்ட்' என்று சேர்த்து இதனைத் தவிர்க்கலாம்.

ஐந்தாவது விதி: எண்ணை எண்ணாகவும் திகதியைத் திகதியாகவும் சேமியுங்கள். சேர்விலக்கத்தை எழுத்துகளாகச் சேமித்தால் 1002 என்பது 998 க்கு முன் வரும். ஒன்று என்ற குறி ஒன்பதுக்கு முந்தியது என்பதே அங்கு கணக்கு.

நமது பெயர்களும் தமிழ் அகரவரிசையும்

தமிழில் பெயர்ப் பட்டியல் தயாரிப்போருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. யூனிகோட் முறையில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் இலக்கம் வழங்கப்பட்டுள்ளது. அந்த இலக்க ஒழுங்கு நமது அகரவரிசையோடு முற்றாக ஒத்துப்போவதில்லை. 'ஜ' அங்கு சகரத்துக்கும் ஞகரத்துக்கும் இடையில் இருக்கின்றது; நமது மரபிலோ கிரந்த எழுத்துகள் னகரத்துக்குப் பின்னரே வரும். 'ற' ரகரத்தை அடுத்தும், 'ன' நகரத்தை அடுத்தும் இருக்கின்றன. எனவே இலக்கப்படி அடுக்கினால் றிஸ்னா என்ற பெயர் லுப்னாவுக்கு முன்னும், ஜெமீலா என்ற பெயர் நஸ்ரினுக்கு முன்னும் வரும். புள்ளி வைத்த மெய்யும் அகராதியில் முதலில் வரவேண்டியது. யூனிகோட் இலக்கப்படி பின்னுக்குப் போகும். பாத்திமாவுக்கு முன் பாதிஹா வந்துவிடும்.

ஜகரமும் றகரமும் ஸகரமும் நிறைந்த நமது பெயர்களுக்கு இது சிறிய விடயமன்று. தீர்வு உண்டு. தரவுத்தளத்தில் 'கொலேஷன்' எனப்படும் ஒப்பீட்டு விதி ஒன்றைத் தெரிவு செய்யலாம். தமிழ் அகரவரிசையை அறிந்த விதியைத் தெரிந்தால் பெயர்கள் உரிய இடத்தில் நிற்கும். முதலெழுத்துகளைப் பெயரோடு சேர்த்து எழுதாமல் தனி நிரலில் வைப்பதும் நன்று. இல்லாவிடில் 'எம்.' என்று தொடங்குவோர் எல்லோரும் ஓரிடத்தில் குவிந்துவிடுவர்.

வரிசையும் நீதியும்

பெற்றார் கவனிக்க வேண்டிய ஒன்றும் இங்கு உண்டு. சேர்விலக்கத்தைக் கொண்டு சமத்தை உடைக்கலாம் என்றேன். பட்டியலை ஒழுங்காகக் காட்டுவதற்கு மாத்திரமே அது பொருத்தம். பத்துப் பேருக்கு உதவித்தொகை. பத்தாவதாகவும் பதினோராவதாகவும் நிற்கும் இருவருக்கும் ஒரே புள்ளி எனின் என்ன செய்வது? சேர்விலக்கம் சிறியது என்பதற்காக ஒருத்திக்குக் கொடுத்து மற்றையவளை விடுவது நீதியாகாது. 'முதற் பத்து நிரைகள்' என்று மட்டும் கேட்டால் கணினி ஒருத்தியை எடுத்து மற்றையவளை வெட்டிவிடும். வெட்டியதாக ஓர் எச்சரிக்கைகூடத் தராது.

இதற்காகவே 'வித் டைஸ்' என்றொரு வாசகம் உண்டு. எல்லைக் கோட்டில் சமமாக நிற்போர் அனைவரையும் அது சேர்த்துத் தரும். எஸ்.கியு.எல். சேர்வரிலும் ஒரக்கிளிலும் இது உண்டு; 2020 இல் வெளியான 13 ஆம் பதிப்பு முதல் போஸ்ட்கிரெஸ் எஸ்.கியு.எல். முறைமையிலும் உண்டு. பதினொரு பெயர்கள் வந்தால், பதினோராவது பிள்ளைக்கு என்ன செய்வது என்று மனிதர்கள் கூடித் தீர்மானிக்கட்டும். அந்தத் தீர்மானத்தைத் தரவுத்தளத்தின் தற்செயலிடம் விடலாகாது.

தங்கைகளே, கணினிக் கூடத்தில் நேரம் கிடைக்கும்போது இதனைச் செய்து பாருங்கள். இருபது நிரைகள் கொண்ட ஓர் அட்டவணையை ஆக்குங்கள். சிலருக்குச் சம புள்ளி கொடுங்கள். இருவரின் புள்ளியை வெற்றாக விடுங்கள். அதன்மேல் ஒரு காட்சியை ஆக்கி, ஓடர் பை இல்லாமலும் இட்டும் விடைகளை ஒப்பிடுங்கள். இடையிடையே சில புள்ளிகளைத் திருத்திவிட்டு மீண்டும் கேளுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே விடை வந்தாலும், "இது வந்ததா, அல்லது நான் கேட்டதால் வந்ததா?" என்று உங்களையே வினவிக்கொள்ளுங்கள். நாளை நீங்கள் ஒரு பாடசாலைக்கோ வைத்தியசாலைக்கோ வங்கிக்கோ செய்நிரல் எழுதுவீர்கள். நீங்கள் எழுதும் கடைசி வரியில் ஓடர் பையும், அதன் பின்னால் ஒரு முதன்மைச் சாவியும் இருந்தால், யாரோ ஒரு பிள்ளையின் பெயர் இரண்டு பக்கங்களுக்கிடையில் தொலைந்து போகாது.